எந்த மலையில் எத்தனை லீற்றர்?
தேயிலைக்குத் தெளிக்கும் திரவ உரத்தை அளப்பதும் வரைபடமாக்குவதும்

2021ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி, தீபாவளி நாளன்று, இந்திய விமானப்படையின் இரண்டு சி-17 விமானங்கள் இலங்கையின் கட்டுநாயக்கவில் இறங்கின. அவை கொண்டுவந்தது 100 தொன் நனோ நைதரசன் திரவ உரம். அதற்கு முந்திய மாதத்திலேயே ஒரு தொகுதி வந்து சேர்ந்திருந்தது. உரத்தை விமானத்தில் ஏற்றிவரும் நிலை நாட்டுக்கு ஏன் வந்தது என்பது இங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆண்டு மே மாத வர்த்தமானியோடு இரசாயன உர இறக்குமதி நின்றது. பெரும்போகம் தொடங்கும் வேளையில் வயலுக்குப் போட உரம் இல்லை. தேயிலைக்கான அமோனியம் சல்பேற்றுக்கு ஒக்டோபரில் வழி திறந்தது. நவம்பர் இறுதியில் தடையே விலக்கப்பட்டது. அந்தத் தடை சரியா தவறா என்ற வழக்கை நான் மறுபடி நடத்த வரவில்லை. அந்த வழக்கில் இரு தரப்பாரிடமும் இல்லாமற் போன ஒரு சாட்சியம் இருக்கிறது. எந்த நிலத்தில், எந்த நாளில், எவ்வளவு உரம் விழுந்தது என்ற பதிவுதான் அது. வட்டவளை போன்ற ஒரு மலைப்பகுதியில் அந்தப் பதிவை எப்படி உண்டாக்கலாம், யாருக்காக உண்டாக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

விமானத்தில் வந்த அந்தப் போத்தலையே முதலில் எடுத்துக்கொள்வோம். 500 மில்லிலீற்றர் கொண்ட ஒரு போத்தல், 45 கிலோ யூரியா மூடை ஒன்றுக்கு ஈடாகும் என்று அதை உற்பத்தி செய்த இந்தியக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ சொன்னது. போத்தலில் இருந்த நைதரசன் 4 சதவீதம், அதாவது 20 கிராம். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஆகவே 45 கிலோ மூடையில் 20 கிலோ 700 கிராம். மூடையில் இருப்பது போத்தலில் இருப்பதைப் போல ஆயிரம் மடங்கு. நனோ துகள்களை இலை நேராக உள்வாங்கிக்கொள்வதால் சிறிய அளவே போதும் என்பது உற்பத்தியாளரின் விளக்கம். அந்த விளக்கத்துக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் எழுதினார்கள். பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தின் வயற்சோதனைகளில் யூரியாவின் ஒரு பகுதிக்குப் பதிலாக நனோ யூரியா தெளித்த நெல்லும் கோதுமையும் விளைச்சலிற் குறைந்தன. இந்த மறுப்புகளின் பலம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பாத்தியிலும் எத்தனை கிராம் நைதரசன் போனது, எத்தனை கிலோ தானியம் வந்தது என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் ஏட்டில் இருந்தது. அதனால் அவர்களால் வாதிட முடிந்தது. நம்முடைய விவசாயியிடம் இருந்தது போத்தலும் அதில் ஒட்டிய தாளும் மட்டுமே.

தேயிலைத் தோட்டத்துக்கு இது இன்னும் நெருக்கமான கேள்வி. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கடந்து வந்து முதலில் மோதும் மலைமுகங்களில் இதுவும் ஒன்று. இலங்கையிலேயே மிக ஈரமான இடங்களின் வரிசையில் அதற்கு எப்போதும் இடம் உண்டு. அத்தகைய சரிவில் மண்ணில் போட்ட நைதரசன் நின்று நிலைப்பதில்லை. நைத்திரேற்றாக மாறிய பகுதி நீரோடு கீழே இறங்கிவிடும். மேல் மண்ணோடு சேர்ந்து கொஞ்சம் கானுக்குள் போகும். வட்டவளை அமைந்திருக்கும் அற்றன் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை மகாவலிக்கும் களனிக்கும் போய்ச் சேருவதால், மலையில் கூடுதலாகப் போட்ட உரம் கீழே வேறு யாரோ குடிக்கும் தண்ணீரில் கலக்கிறது. குறைவாகப் போட்டால் கொழுந்து குறைகிறது, கொழுந்து குறைந்தால் தொழிலாளியின் பேர், அதாவது நாட்சம்பளக் கணக்கு, குறைகிறது. கூட்டினாலும் குறைத்தாலும் அதைத் தாங்குகிறவர்கள் உரத்தின் அளவைத் தீர்மானித்தவர்கள் அல்லர். இந்த ஒரு காரணமே அளவைப் பற்றிய கேள்வியை அலுவலக அறையிலிருந்து வெளியே கொண்டுவரப் போதுமானது.

தேயிலையில் திரவ உரம் என்றால் பெரும்பாலும் இலைவழித் தெளிப்பு. நைதரசனின் பெரும் பங்கு இன்றும் கையால் மண்ணில் தூவப்படுகிறது. நாகக் குறைபாடு இங்கே பொதுவானது என்பதால், தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நாக சல்பேற்றை இலையில் தெளிக்கச் சொல்கிறது. அதனுடன் யூரியாவையும் சேர்த்துத் தெளிப்பது உண்டு. இதில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்பது பயன் தரும். தயாரித்த தேயிலையில் ஏறத்தாழ 4 சதவீதம் நைதரசன். ஆகவே ஹெக்டெயருக்கு 1,500 கிலோ தேயிலை எடுத்தால் கொழுந்தோடு மட்டும் 60 கிலோ நைதரசன் மலையை விட்டு வெளியேறுகிறது. இப்போது ஹெக்டெயருக்கு 250 லீற்றர் நீரில் 2 சதவீத யூரியாவைத் தெளிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது 5 கிலோ யூரியா, நைதரசன் 2.3 கிலோ. கொழுந்து எடுத்துப்போனதை மட்டும் ஈடுசெய்யவே இப்படி 26 தடவை தெளிக்க வேண்டும். செடியின் தண்டுக்கும் வேருக்கும் மழை கொண்டுபோனதற்கும் இன்னும் கணக்கே தொடங்கவில்லை. இலையில் தெளிப்பது மண் உரத்துக்கு மாற்றாகிவிடும் என்று யார் வந்து சொன்னாலும், அவரிடம் கேட்கவேண்டிய முதற் கேள்வி ஹெக்டெயருக்கு எத்தனை லீற்றர், அதில் எத்தனை கிராம் என்பதுதான். தோட்டத்தின் சொந்த ஏட்டில் லீற்றர் இல்லையென்றால் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட முடியாது.

இன்று ஏட்டில் இருப்பது என்ன? ஸ்டோரிலிருந்து இத்தனை கிலோ வெளியே போனது, இத்தனை பேர் வேலை செய்தார்கள், இந்த நம்பர் மலை, அதாவது தோட்டத்தின் இந்த இலக்கத் தேயிலைப் பரப்பு, முடிந்தது என்பவை. மொத்தக் கிலோவை மலையின் பரப்பால் வகுத்தால் ஒரு சராசரி கிடைக்கும். ஆனால் சராசரி விழுந்த இடத்தைச் சொல்லாது. முதுகில் சுமக்கும் 16 லீற்றர் டேங்கியின் முனையிலிருந்து நிமிடத்துக்கு 0.7 லீற்றர் வருகிறது, ஒரு மீற்றர் அகலத்துக்கு விழுகிறது, தெளிப்பவர் மணிக்கு 2 கிலோமீற்றர் வேகத்தில் நடக்கிறார் என்றால் ஹெக்டெயருக்கு 210 லீற்றர் விழும். ஏற்றத்தில் வேகம் 1.5 ஆகக் குறைந்தால் அதே டேங்கி, அதே கலவை, 280 லீற்றர். வசதியான பாதையில் 2.5 ஆகக் கூடினால் 168. ஒரே மலைக்குள், ஒரே ஆளின் கையில், கூடிய இடம் குறைந்த இடத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்குக் கிட்டப் போய்விடுகிறது. கைப்பிடியை அடிப்பது தளர்ந்து அமுக்கம் பாதியானால் வெளிவரும் நீர் பாதியாவதில்லை. அமுக்கத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி 71 சதவீதமாகக் குறையும். முனை தேய்ந்தால் கூடும். இதில் யாருடைய கவனக்குறைவும் இல்லை. சரிவும் களைப்பும் பித்தளை முனையும் சேர்ந்து செய்யும் வேலை இது. விளைவு இலையில் தெரியும்: நாக சல்பேற்றும் யூரியாவும் கூடிய இடத்தில் இலை கருகுகிறது, குறைந்த இடத்தில் மஞ்சள் தெளியாமல் நிற்கிறது, சராசரி மட்டும் ஏட்டில் சரியாக இருக்கிறது.

சமவெளி நாடுகளில் இந்தச் சிக்கலை மின்னணுக் கருவிகள் பெரும்பாலும் தீர்த்துவிட்டன. அமெரிக்காவின் சோளச் சமவெளிகளில் 28 அல்லது 32 சதவீத நைதரசன் கொண்ட திரவ உரத்தை உழவு இயந்திரம் இழுத்துச் செல்லும்போது, குழாயிலுள்ள பாய்வுமானி நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று எண்ணுகிறது; ஜி.பி.எஸ். வேகத்தையும் இடத்தையும் சொல்கிறது. ஒரு சிறு கணினி இரண்டையும் தெளிப்பின் அகலத்தையும் சேர்த்து ஹெக்டெயருக்கு எவ்வளவு என்று கணித்து, தேவைக்கு ஏற்ப வால்வைத் திறக்கவும் மூடவும் செய்கிறது. வேலை முடிந்தபின் நிலத்தின் வரைபடத்தில் எந்த மூலையில் எவ்வளவு விழுந்தது என்பது நிறங்களாக நிற்கும். அதில் பொதிந்திருக்கும் கணக்கு, நான் மேலே டேங்கிக்குப் போட்ட அதே கணக்குத்தான். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கிய பிறகு, இந்த வசதி சாதாரண விவசாயிக்கும் எட்டியது. தெளிக்கும் ட்ரோன்களில் இந்தப் பதிவு தானாகவே உண்டாகிறது. இந்தியாவில் 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்ற நமோ ட்ரோன் தீதித் திட்டம் 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் வழங்கத் திட்டமிட்டது. அதன் முதன்மையான வேலைகளில் ஒன்றே திரவ உரம் தெளிப்பது. பறந்த பாதையும் கொட்டிய லீற்றரும் இயந்திரத்தின் நினைவகத்தில் ஏறிவிடுவதால், அங்கே பதிவு என்பது தனி வேலையே அல்ல.

அந்தக் கருவிகளை அப்படியே பெயர்த்து வட்டவளைச் சரிவில் நட முடியாது. ஏன் முடியாது என்பதை நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். மலையில் இதெல்லாம் சரிவராது என்ற ஒரே சொல்லால் பலரும் பேச்சை முடித்துவிடுவது இந்த இடத்தில்தான். முதலாவது, பாய்வு. பரிசோதனை செய்பவர்கள் மலிவு என்பதால் முதலில் வாங்கும் பாய்வு உணரி, வை.எஃப்.-எஸ்.201 என்ற பெயரில் விற்கப்படுவது. அதற்குள் நீர் ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. லீற்றருக்கு ஏறத்தாழ 450 துடிப்புகள் எழும். ஆனால் அது நிமிடத்துக்கு 1 முதல் 30 லீற்றர் வரையான பாய்வுக்குச் செய்யப்பட்டது. டேங்கியின் முனை தருவதோ 1 லீற்றருக்கும் குறைவு. அந்த அளவில் சக்கரம் சில வேளை சுற்றும், சில வேளை நிற்கும், வரும் எண் வெறும் பொய். சிறு துவாரமுள்ள, குறைந்த பாய்வுக்கான உணரி வேண்டும், அதையும் கலவையை ஊற்றி அளவுச் சாடியில் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவது, இடம். திறந்த வானத்தின் கீழ் கையடக்கத் தொலைபேசி காட்டும் இடத்தில் ஏறத்தாழ 5 மீற்றர் பிழை வரலாம். சவுக்கு மரநிழலிலும் பள்ளத்தாக்கின் மடிப்பிலும் அது கூடும். தேயிலை நிரைக்கும் நிரைக்கும் இடையிலுள்ள தூரம் 1.2 மீற்றர். ஆகவே எந்த நிரையில் நின்றார் என்று தொலைபேசியால் சொல்ல முடியாது. மூன்றாவது, பலரும் மறந்துவிடுவது, சரிவு. வரைபடம் நிலத்தை மேலிருந்து தட்டையாகப் பார்க்கிறது. 30 பாகைச் சரிவில் உண்மையான மேற்பரப்பு வரைபடப் பரப்பைவிட 15 சதவீதம் கூட. தோட்டத்தின் அளவைப் படமும் தட்டையான பரப்பைத்தான் தருகிறது. மேலும் கீழுமாக நடந்த தூரத்தை நிலத்திலும், பரப்பைப் படத்திலும் எடுத்து வகுத்தால், யாரும் பிழை செய்யாமலே 15 சதவீதப் பிழை கணக்கில் ஏறிவிடும்.

இந்த மூன்றையும் ஒப்புக்கொண்ட பிறகு மிஞ்சுவது என்ன என்பதே முக்கியம். மிஞ்சுவது போதுமானது என்பது என் வாதம். செடிவாரியான வரைபடம் நமக்கு வேண்டியதில்லை. தோட்டத்தில் முடிவுகள் எடுக்கப்படுவது மலைவாரியாக: வித்துத் தேயிலை நிற்கும் பழைய மலை ஒன்று, டி.ஆர்.ஐ. 2025 போன்ற தெரிவுச் செடி நிற்கும் மலை ஒன்று, போன ஆண்டு கவ்வாத்து வெட்டிய மலை ஒன்று, கவ்வாத்துக்குக் காத்திருக்கும் மலை ஒன்று. இவற்றின் தேவைகள் வேறு வேறு. ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரையும் விளைச்சலையும் செடியின் வகையையும் பார்த்து வேறுபடுகிறது. ஆகவே மலைக்குள் ஒரு துண்டு என்ற அளவுக்கு நுணுக்கம் கிடைத்தால் போதும். அதற்கு டேங்கியையே அலகாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறை டேங்கி நிரப்பும்போதும் நேரமும் இடமும் பதியட்டும். ஹெக்டெயருக்கு 250 லீற்றர் என்ற இலக்கில் 16 லீற்றர் டேங்கி ஒன்று 640 சதுர மீற்றருக்கு வரவேண்டும். தனி ஒரு டேங்கியின் கணக்கில் 5 மீற்றர் பிழை பெரியது, மறுக்கவில்லை. ஆனால் 2 ஹெக்டெயர் மலைக்கு 31 டேங்கிகள் ஆகின்றன. துண்டின் எல்லையில் விழும் பிழை, ஒரு டேங்கிக்குக் கூடினால் அடுத்ததற்குக் குறைவதால், மலை முழுவதற்கும் வரும்போது பெரும்பகுதி கரைந்துவிடும். கும்பலில் ஒருவரின் டேங்கியில் மட்டும் குறைந்த பாய்வு உணரியைப் பொருத்தி, மற்றவர்களின் டேங்கிக் கணக்கை அதனோடு ஒப்பிடலாம். சரிவுக்கான திருத்தத்தை ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே தடவை கணித்து வைத்தால் ஆண்டுக்கணக்கில் போதும். மழைமானியின் காலை அளவும் தெளித்த நேரமும் அதே ஏட்டில் அருகருகே இருக்க வேண்டும். வட்டவளையில் பிற்பகல் மழை கொண்டுபோன தெளிப்பும் இலையில் நின்ற தெளிப்பும் வரைபடத்தில் ஒரே நிறத்தில்தான் இருக்கும்; மழையின் எண் பக்கத்தில் இல்லையென்றால் வரைபடமே நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும்.

இதற்கு எதிராக இரண்டு விதமான தடைகள் சொல்லப்படும். ஒன்று, திரவ உரம் தேயிலையின் நைதரசனில் ஒரு சிறு பங்கு. சிறு பங்கை அளப்பதற்கு இவ்வளவு முயற்சி எதற்கு என்பது. அளவில் அது சிறியது என்பதை முன்பே கணக்காகக் காட்டிவிட்டேன். ஆனால் அளக்கும் பழக்கத்தைத் தொடங்க அதுவே வசதியான இடம். திரவம் டேங்கிக்குள் இருக்கிறது, டேங்கிக்குக் கோடு இருக்கிறது, முனையின் பாய்வை நிறுத்திப் பார்க்கலாம். மண்ணில் தூவும் உரத்துக்கு ஒரு கைப்பிடி என்பதே அலகு. அதையும் நிரைக்கு இத்தனை கிலோ என்று துண்டுவாரியாகப் பதியலாம், அதற்கு வேண்டிய படமும் துண்டின் எல்லையும் திரவ உரத்தின் பதிவிலிருந்தே கிடைத்துவிடும். மற்றது, அனுபவமுள்ள கங்காணியின் கண் போதும் என்பது. அந்தக் கண்ணை நான் குறைத்துப் பேச மாட்டேன். எந்த மூலையில் செடி சோர்ந்திருக்கிறது, எந்தச் சரிவில் தண்ணீர் ஓடும் என்பதை எந்த உணரியும் அவரளவுக்கு அறியாது. ஆயினும் இலை நனைந்திருக்கிறதா என்பதைக் கண் காணும். ஹெக்டெயருக்கு 168 லீற்றரா 280 லீற்றரா என்பதைக் காணாது, ஏனென்றால் இரண்டிலும் இலை நனைந்துதான் இருக்கும். அவர் ஓய்வுபெறும் நாளில் அவருடைய அறிவும் அவரோடு லயத்துக்குப் போய்விடுகிறது என்பது இன்னொரு இழப்பு. பதிவு அவருடைய அறிவை அடுத்தவருக்குக் கொடுக்கும் வழியாகவும் இருக்கும்.

மூன்றாவது தடை ஒன்று உண்டு. என்னைக் கேட்டால் பெரியது அதுதான். டேங்கி நிரப்பிய நேரம், நடந்த பாதை, நின்ற இடம் எல்லாம் பதிவானால், அது செடியின் பதிவா, சுமந்தவரின் பதிவா? மலையகத்தில் இந்தக் கேள்விக்கு நீண்ட பின்னணி இருக்கிறது. இங்கே மிகக் கவனமாக நிறுக்கப்பட்ட பொருள் எப்போதும் தொழிலாளியின் கையிலிருந்து வெளியே வந்த கொழுந்துதான். நாளுக்கு இத்தனை கிலோ, வராவிட்டால் அரைப்பேர், சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கும் கிலோக்கள் வேறு. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயமான பின்னர், பறிக்கவேண்டிய கிலோ கூட்டப்பட்டது என்ற முறைப்பாடு பல தோட்டங்களிலும் எழுந்தது. பல இடங்களில் தராசு மின்னணுத் தராசாகிவிட்டது. நிறுப்பதன் நோக்கம் மாறவில்லை. இந்த அனுபவத்தோடு வாழும் ஒருவரின் முதுகில் இன்னொரு அளக்கும் கருவியைக் கட்டிவிட்டு, இது உன் நன்மைக்கு என்றால் அவர் நம்பக் காரணமில்லை. அந்த நம்பிக்கையின்மை அறிவுக்குப் பொருந்தியது என்று ஏற்றுக்கொண்டுதான் மேற்கொண்டு பேச வேண்டும்.

ஆனால் அதே தோட்டங்களில் இன்னொரு அளவை மரபும் இருந்துவந்திருக்கிறது. தோட்டக் காரியாலய முற்றத்தில் மழைமானி இருக்கும். ஒவ்வொரு காலையும் அதன் அளவு ஏட்டில் ஏறும். நூறு ஆண்டுக்கு மேலாக இப்படி எழுதிவந்த தோட்டங்கள் இருக்கின்றன. மத்திய மலைநாட்டின் மழையைப் பற்றி இன்று நாடு அறிந்ததில் ஒரு பெரும் பகுதி அந்த ஏடுகளிலிருந்து வந்தது. மழைமானியைப் பார்த்து யாருக்கும் அரைப்பேர் போட்டதில்லை. அந்த எண் நிலத்தைப் பற்றியது; மனிதரைப் பற்றியது அன்று. அதனால்தான் அதைத் திருத்தி எழுத யாருக்கும் காரணம் இருக்கவில்லை, அதனால்தான் அதை நம்பி அறிவியல் செய்ய முடிந்தது. திரவ உரத்தின் பதிவு இந்த மரபில் சேரவேண்டும் என்பதே இந்தச் சொற்பொழிவின் மையம். இது வெறும் இரக்கத்தின் பாற்பட்ட கோரிக்கை என்று எண்ண வேண்டாம். சம்பளத்தோடு கட்டப்பட்ட எண் நாளடைவில் சம்பளத்துக்கு ஏற்றபடி வளையும்; பாதி டேங்கி முழு டேங்கியாகப் பதியும், ஓடிக் கடந்த சரிவு நின்று தெளித்த சரிவாகும். தண்டிக்கும் பதிவு பொய்யான பதிவாகிவிடும், பொய்யான பதிவால் செடிக்கும் பயனில்லை. ஆகவே பதிவில் துண்டின் எண் இருக்கட்டும், டேங்கியின் எண் இருக்கட்டும். ஆளின் பெயரும் செக்ரோல் (சம்பளப் பதிவேட்டு) இலக்கமும் அதில் இருக்கவே கூடாது. நடந்த பாதையைத் துண்டுக் கணக்காக மாற்றியவுடன் மூலப் பாதையை அழித்துவிட வேண்டும். ஏட்டின் ஒரு பிரதி காரியாலயத்திலும், ஒன்று தலவாக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும், ஒன்று தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடமும் இருக்கலாம். கருகிய இலைக்கும் மஞ்சள் இலைக்கும் தெளித்தவரைக் குறைசொல்லும் வழக்கத்துக்கு, தேய்ந்த முனையின் அளவைக் காட்டும் அந்த மூன்றாம் பிரதியே பதிலாக அமையும். தொழிலாளிக்கும் தன் உடம்பில் எத்தனை நாள் எந்தக் கலவை படிந்தது என்று அறியும் உரிமை இருக்கிறது. அதற்கும் வேறு ஏடு இல்லை.

செலவைப் பற்றி நீளமாகப் பேச வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. நான் முன்வைப்பது கும்பலுக்கு ஒரு உணரி, ஒரு பழைய தொலைபேசி, ஒரு அளவுச் சாடி. உரத்தின் விலை 2022இல் போன உயரத்தைக் கண்ட எவரும், போடும் உரத்தை அளக்கும் கருவியின் விலையைப் பெரிய தடையாகச் சொல்ல மாட்டார்கள். இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கும் மேல் தருகிற சிறு தோட்ட உடைமையாளர்களுக்கு உணரிகூட வேண்டியதில்லை. தன் அரை ஏக்கருக்கு எத்தனை டேங்கி என்று எழுதி, முனையை மாதத்துக்கு ஒரு தடவை சாடியில் பிடித்து, புதிய முனையைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடினால் மாற்றிவிடுவதே அவர்களுக்குப் பெரிய பயனைத் தரும்.

இந்தப் பதிவு இல்லாமையின் விலையை நாடு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் 251 மில்லியன் கிலோ அளவுக்கு விழுந்தது. உரத்தடையே காரணம் என்று ஒரு சாரார் சொன்னார்கள். அந்த ஆண்டு எரிபொருளும் இல்லை, மின்சாரமும் இல்லை, தோட்டத்தை விட்டுப் போன கைகளும் பல. இந்தக் காரணங்களில் எது எத்தனை கிலோவைத் தின்றது என்பதை நாட்டு மொத்தத்தை வைத்துப் பிரித்துவிட முடியாது. பிரிக்க வேண்டுமானால், உரம் குறைந்த மலையும் குறையாத மலையும், பறிக்க ஆளிருந்த மலையும் இல்லாத மலையும் தனித்தனியே ஏட்டில் நிற்க வேண்டும். தடைக்கு முன்னரும் இதே நிலைதான்: நம்மவர்கள் அளவுக்கு மீறி உரம் போடுகிறார்கள் என்று ஒரு தரப்பும், இல்லை என்று மறு தரப்பும் வாதிட்டன, இரண்டும் இறக்குமதித் தொகையைக் காட்டியே பேசின. 2015இல் கிளைபொசேற் களைகொல்லியைத் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீள அனுமதித்தபோதும் எவ்வளவு, எங்கே என்ற கேள்வி அதே இடத்தில்தான் நின்றது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட்டில் 1843இல் தொடங்கிய கோதுமை வயற்சோதனை இன்றும் உலகம் நம்பும் சான்றாக இருப்பதற்கு, ஒவ்வொரு பட்டிக்கும் ஒவ்வொரு ஆண்டும் என்ன போட்டார்கள் என்பது எழுதப்பட்டிருப்பதே காரணம். நம் ஆராய்ச்சி நிலையமும் 1925இல் தொடங்கியது; அதன் சோதனைப் பாத்திகளின் ஒழுங்கைப் பெருந்தோட்ட மலைகளுக்கும் நீட்டுவது முடியாத காரியம் அல்ல.

அதற்கு இன்னும் ஒன்று தேவை. வரைபடம் எவ்வளவு துல்லியமானாலும் அது இல்லாமல் பாதிப் பயன்தான். எவ்வளவு போட்டோம் என்று படம் சொல்லும், போட்டதால் என்ன ஆனது என்று சொல்லாது. அதை அறிய ஒவ்வொரு மலையிலும் இலைவழி உரம் தெளிக்காத ஒரு பட்டி வேண்டும். ஒரு கவ்வாத்துச் சுற்று முழுவதும், அதாவது மூன்று நான்கு ஆண்டுகள், அந்தப் பட்டியின் கொழுந்தையும் பக்கத்துப் பட்டியின் கொழுந்தையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். தெளிக்காத பட்டியில் கொழுந்து குறையலாம். அங்கே பறிக்க நிறுத்தப்படும் பெண்களுக்கு, அந்த நாட்களில், பக்கத்துப் பட்டியின் நிறைக்கே பேர் போடவேண்டும் என்று சோதனை தொடங்குமுன் தோட்ட நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும்.